நின்றுகொண்டே தூங்கிய மாமா

புனேவை ஒட்டிய தேஹு ரோடு என்ற ஊரில் நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸ் வரிசையில் பிள்ளைகளிடம் பெருமைக்குப் பஞ்சமே கிடையாது. ஒருத்தி வீட்டில் இரண்டு கதவு ஃப்ரிட்ஜ் இருந்தது. இன்னொருத்தியின் அண்ணன் கணபதி ஊர்வலத்தில் டோல் மேளம் அடிப்பான். பக்கத்து வீட்டு ஷ்ரத்தாவின் அப்பா டியூட்டியிலிருந்து திரும்பும்போது சிறுத்தையை நேருக்கு நேர் பார்த்தவர். அந்தக் கதையை அவள் வாராவாரம் சொல்லுவாள். ஒவ்வொரு வாரமும் சிறுத்தை கொஞ்சம் வளரும். என்னிடம் அதெல்லாம் இல்லை. எனக்கு மாமா இருந்தார். என் மாமா நின்றுகொண்டே தூங்குவார்.

சும்மா கண்ணை மூடிக்கொண்டு நிற்பதைச் சொல்லவில்லை. அசல் தூக்கம். வாய் லேசாகத் திறந்திருக்கும், மூக்கிலிருந்து மெல்லிசாகக் குறட்டை வரும், கையில் பிடித்த பல்துலக்கும் பிரஷ் பிடித்தபடியே இருக்கும். முற்றத்துக் குழாயடியில் வாளி நிரம்பி வழிய வழிய, அவர் அதன் பக்கத்தில் சுவரில்கூடச் சாயாமல் நின்று தூங்கியதை நானே பார்த்திருக்கிறேன். கண்ணால் பார்க்காதவர்களுக்கு இதன் அருமை தெரியாது.

மாமா என் அம்மாவின் கடைசித் தம்பி. ஆம்பூர்ப் பக்கம் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, அக்கா வீடு இருக்கிற தைரியத்தில் புனே வந்தவர். அப்பாவுக்கு ராணுவ டிப்போவில் வேலை. அதனால்தான் அந்தக் குவார்ட்டர்ஸ். மாமாவுக்கோ ஹடப்சரில் ஒரு கம்பெனியில், லேத் மெஷினில், கான்ட்ராக்ட் வேலை கிடைத்தது. தேஹு ரோட்டுக்கும் ஹடப்சருக்கும் நடுவே புனே மொத்தமும் கிடக்கிறது. விடிவதற்குள் லோக்கல் ரயில் பிடித்து புனே ஸ்டேஷன், அங்கே பஸ்ஸுக்கு அடிதடி, பிறகு நாள் பூராவும் மெஷின் முன்னால் நின்ற நிலை, அப்புறம் அதே வழியில் திரும்ப வர வேண்டும். ஹடப்சரிலேயே நாலு பையன்களோடு ரூம் எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் ஆரம்பத்தில் ஒரு தரம் வாயைத் திறந்தார். அம்மா பொங்கிவிட்டாள். கூடப் பிறந்தவள் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது தம்பி ரூமில் கிடந்து மெஸ்ஸில் சாப்பிடுவதா, ஊரில் நாலு பேர் என்ன பேசுவார்கள்? அப்பாவும் அதையே சொன்னார், மீசையைத் தடவிக்கொண்டு. ஆக, எங்கள் குடும்ப கௌரவம் மாமாவை தினமும் லோக்கலில் ஏற்றி இறக்கியது.

மாமா இவ்வளவு பாடுபட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. தீபாவளிக்குள் கான்ட்ராக்ட் ஆட்களில் சிலரை பர்மனன்ட் ஆக்கப் போகிறோம், கூப்பிட்ட நேரத்துக்கு யார் மறுபேச்சில்லாமல் வருகிறார்களோ அவர்களுக்குத்தான் என்று சூப்பர்வைசர் சொல்லி வைத்திருந்தார். குடியாத்தத்தில் மாமாவுக்குப் பெண் பார்த்து, பூவும் வைத்தாகிவிட்டது. பெண்ணின் அப்பா ஒரே பேச்சுக்காரர்: மாப்பிள்ளை பர்மனன்ட் ஆகட்டும், அடுத்த நாளே பத்திரிகை அடிக்கக் கொடுக்கலாம். ஆகவில்லை என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் எல்லோருக்கும் தெரியும். மாமாவுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது. அது எனக்கே தெரியும். போன் வந்தால் மனுஷன் வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார், ஊருக்கெல்லாம் கேட்கிற குரல் அப்போது மட்டும் எறும்பு பேசுகிற மாதிரி ஆகிவிடும்.

அதனால் ஓ.டி. என்று யார் கூப்பிட்டாலும் மாமா போனார். ஞாயிற்றுக்கிழமை போனார். இன்னொருத்தன் லீவு போட்டால் அவன் ஷிப்டுக்கும் இவரே நின்றார். கணபதிக்கு ஊரே விடுமுறை விட்டபோதும் இவர் போனார். அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. டிப்போவில், முருகன் கோயிலில், மளிகைக் கடையில் என்று எங்கே நாலு தமிழ் முகத்தைப் பார்த்தாலும் ஆரம்பித்துவிடுவார்: "எம் மச்சான் ஒரு நாள், ஒரே ஒரு நாள் லீவு போட்டான்னு காட்டு, பார்ப்போம்! மெஷின் நின்னாலும் அவன் நிக்க மாட்டான்யா." கேட்டவர்களும் அடேயப்பா என்பார்கள். அவர்கள் வீட்டுப் பையன்களுக்கு அன்று சாப்பாட்டோடு சேர்த்து என் மாமாவும் பரிமாறப்படுவார்.

அப்பாவின் பெருமை அது. என் பெருமை வேறு. ஒரு தரம் அம்மாவோடு புனே போய்விட்டு மாமாவோடு லோக்கலில் திரும்பினோம். கூட்டத்தில் மாமா மேலே தொங்கிய கைப்பிடியைப் பிடித்தார். சிவாஜிநகர் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார். பிம்ப்ரி போச்சு, சிஞ்ச்வட் போச்சு, ஆகுர்டி போச்சு. அடுத்தது நாங்கள் இறங்க வேண்டிய இடம். எழுப்பப் போனேன், அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். தேஹு ரோடு பிளாட்பாரம் வந்ததோ இல்லையோ, மாமா கண்ணைத் திறந்து என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். எப்படி மாமா என்றால், "உடம்புக்குள்ளயே கடிகாரம் இருக்குடி" என்றார். அன்று முதல் எங்கள் வரிசையில் சிறுத்தைக்கு மவுசு குறைந்தது.

மாமா வீட்டில் இருக்கும் நேரமே கொஞ்சம். அதற்குள் நான் கூட்டம் கூட்டிவிடுவேன். சாப்பிட உட்காருவார், இரண்டாவது வாய்க்கு உருட்டிய உருண்டை பாதி வழியில் நிற்கும், நான் ஜன்னலுக்கு வெளியே சைகை காட்டுவேன். ஷ்ரத்தாவும் மற்றதுகளும் கம்பியில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்ப்பார்கள். "ஜோப்லா, ஜோப்லா!" என்று மராத்தியில் கிசுகிசுப்பார்கள், தூங்கிட்டார் தூங்கிட்டார் என்று. அம்மா வந்து ஜன்னலைச் சாத்துவாள். அவளுக்குத் தம்பிமேல் கண்ணு பட்டுவிடுமோ என்று பயம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இதற்கு நடுவில்தான் சிக்கி என்கிற கடலை மிட்டாய் வர ஆரம்பித்தது. காலையில் கண் விழித்தால் தலையணைக்குப் பக்கத்தில் லோணாவளா வேர்க்கடலைச் சிக்கி, புத்தம்புது டப்பா. மாமா எனக்காக லோணாவளா வரைக்கும் போய் வாங்கி வந்தாராம்! தேஹு ரோட்டைத் தாண்டி, மலை ஏறி, ரயில் போய் நிற்கிற கடைசி ஊர் அது. வேலை முடிந்து அவ்வளவு தூரம் ஒரு மனுஷன் போவாரென்றால் பாசம் இல்லாமல் போவாரா? பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் ஆளுக்கொரு துண்டு உடைத்துக் கொடுத்து, கூடவே கதையையும் கொடுத்தேன். முதல் டப்பாவுக்கு அம்மாவும் சிரித்தாள். பிறகு வாரத்துக்கு ஒன்று, அப்புறம் வாரத்துக்கு இரண்டு என்று டப்பா வந்தபோது அவள் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "ஏண்டா, இன்னிக்குமா?" என்றாள். மாமா லுங்கியை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். தனக்கு ஒன்றும் வாங்கி வராத கோபம் என்று எனக்குப் பட்டது. என் பங்கில் ஒரு துண்டு அம்மாவுக்குக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

இன்றைக்கு நான் வேலை செய்யும் இடத்திலும் இந்தப் பெருமைக்காரர்கள் நிறைய உண்டு. மூணு நாளா வீட்டுக்கே போகலை தெரியுமா என்று ஒருத்தன் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வான். நான் பாத்ரூம் சுவத்துல தலையை வெச்சு அஞ்சு நிமிஷம் தூங்கி எழுந்தேன் என்று இன்னொருத்தி அவனை ஜெயிப்பாள். மேனேஜர் கைதட்டச் சொல்வார். எல்லோரும் தட்டுவார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சின்ன வயதில் ஜன்னல் கம்பியில் அழுந்திய மூக்குகள் ஞாபகம் வந்துவிடுகின்றன.

மாமாவிடம் வேறு வித்தைகளும் சேர்ந்தன. டீயில் மோரை ஊற்றிக் குடித்தார், குடித்து முடித்து நன்றாக இருக்கிறது என்றார். எந்தக் கிளாஸ் படிக்கிறே என்று என்னிடம் ஒரே சாயங்காலத்தில் மூன்று தரம் கேட்டார். என் பெயர் வாயில் வராமல் அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஒரு நாள் என் கையிலிருந்து டம்ளர் நழுவித் தரையில் விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு மாமா போட்ட கூச்சலில் எதிர் வரிசையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். என்னை அதட்டிக்கூடப் பேசாத மனுஷன். அடுத்த நிமிஷம் அப்படியே தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கேவிக் கேவி அழுதார். அம்மா ஓடி வந்து அவர் தலையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "விட்டுத் தொலைடா, ஒரு நாள் லீவு போட்டுத் தூங்குடா" என்றாள். "இன்னும் கொஞ்ச நாள்தாங்க்கா, தீபாவளி வந்துட்டுது" என்றார் மாமா. அம்மா அடிப்பாளோ என்று பயந்துதான் மாமா அழுகிறார் என்பது என் கணக்கு. அவருக்காக நான் பரிந்து பேசினேன்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. சனிக்கிழமை பகலும் ராத்திரியும் சேர்த்து வேலை பார்த்துவிட்டு மாமா காலையில்தான் வந்தார். எனக்கு சிஞ்ச்வட்டில் தீபாவளி கவுன் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். அம்மா வேண்டாம் என்று வாசலை மறிக்காத குறை. மாமா கேட்கவில்லை, குழந்தைக்குச் சொன்னது சொன்னதுதான் என்றார். அப்பா ஸ்கூட்டர் சாவியை எடுத்துக் கொடுத்து, "அவன் சிங்கம்டி, விடு" என்றார்.

எங்கள் ஊரில் பிள்ளைகள் ஸ்கூட்டரில் உட்காருவதில்லை. முன்னால், ஹாண்டிலுக்கும் ஓட்டுகிறவருக்கும் நடுவில் நின்றுகொண்டு வருவோம். ராஜா மாதிரி இருக்கும். கன்டோன்மென்ட் ரோட்டில் இரண்டு பக்கமும் மரங்கள், ஞாயிறானதால் டிப்போ லாரிகள் இல்லை, காற்று முகத்தில் அடித்தது. கவுனுக்கு என்ன கலர் என்று நான் பேசிக்கொண்டே வந்தேன். கொஞ்ச தூரம் போனதும் மாமாவின் மோவாய் என் உச்சந்தலையில் வந்து பொத்தென்று உட்கார்ந்தது. கொஞ்சுகிறார் என்று நினைத்தேன். அப்புறம் அந்த மெல்லிசுக் குறட்டை காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

ஐயோ பாவம், ராத்திரியெல்லாம் தூங்கவில்லையே, கொஞ்சம் தூங்கட்டும் என்று இருந்தது எனக்கு. சத்தியமாக எனக்குப் பயம் வரவில்லை. உடம்புக்குள் கடிகாரம் இருக்கிற மனுஷன்! தலையை அசைத்தால் விழித்துவிடுவார் என்று கழுத்தைக்கூடத் திருப்பாமல் நின்றேன். அவர் கைகள் ஹாண்டிலில் பேருக்கு இருந்தன. நான் கண்ணாடிக் கம்பி இரண்டையும் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். ஆமாம், நான்தான் ஓட்டினேன். எங்கள் வரிசையில் எந்தப் பெண்ணும் அதுவரை ஸ்கூட்டர் ஓட்டியதில்லை. வண்டி தானாகவே மெதுவானது, லேசாக ஆடியது, நான் நேராக்கினேன், மறுபடி ஆடியது.

எதிரே தண்ணீர் டேங்கர் லாரி வந்தது. ரோட்டின் நடுவில் நாங்கள். அவன் அடித்த ஹாரனுக்கும் மாமா எழவில்லை. நான் இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து இடது பக்கம் இழுத்தேன். மழையில் வளர்ந்த புதரும் தண்ணீர்ப் பள்ளமுமாகக் கிடந்த ஓரத்துக்குள் வண்டி பாய்ந்தது. டேங்கர் எங்களை உரசுகிற மாதிரி கடந்து போய் நின்றது.

வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம். என் மோவாயில் ரத்தம். டேங்கர் டிரைவர் குதித்து ஓடி வந்து என்னைத் தூக்கினார். பிறகு மாமாவைப் பார்த்தார். கை கோணலாகக் கிடக்க, கண் மூடி, அசையாமல் கிடந்தார் மாமா. டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டு, செத்துவிட்டான், செத்துவிட்டான் என்று இந்தியில் கத்தினார். ஊரே பார்த்து வியந்த வித்தை தெரியாத ஆளாக இருக்கிறாரே என்று எனக்கு எரிச்சல். "சாகலை அங்கிள், தூங்கறாரு" என்று அவருக்குத் தெரிந்த பாஷையில் அழுத்தமாகச் சொன்னேன். அந்த ஆள் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. அப்போது மாமா பாதிக் கண்ணைத் திறந்தார். "ஸ்டேஷன் வந்துட்டுதா?" என்று கேட்டார். திரும்ப மூடிக்கொண்டார்.

தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர், கடைசியாக இவர் எப்போது ஒழுங்காகத் தூங்கினார் என்று கேட்டார். அப்பாவுக்குப் பழக்கதோஷம். "அவன் லீவே போட மாட்டான் டாக்டர்" என்றார். "இதைப் பெருமையா சொல்றீங்களா, புகாரா சொல்றீங்களா?" என்று அந்த அம்மா கேட்டார். எலும்பு தானாகச் சேர்ந்துவிடும், உடம்பும் மூளையும் ஓய்ந்துபோயிருக்கிறதே அதைத்தான் முதலில் பார்க்கணும், இன்றைக்கு ரோட்டில் விழுந்தார், நாளைக்கு மெஷினில் கையோ தலையோ போய்விடும் என்றார் டாக்டர். அம்மா என் மோவாயில் போட்ட தையலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து மாமா தூங்கினார் பாருங்கள், அது தூக்கம்! இரண்டு பகல் இரண்டு ராத்திரி. அம்மா இடையில் எழுப்பிக் கஞ்சி கொடுப்பாள். குடித்துவிட்டுத் திரும்பவும் தூங்குவார். என் மவுசுக்குக் கேட்க வேண்டுமா? மோவாயில் பிளாஸ்டருடன் நான் வாசலில் நின்று ஆட்களை உள்ளே விட்டேன். ஸ்கூட்டர் ஓட்டிய கதையைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டது. ஆனால் ஒரு விஷயம் புரியவில்லை. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். பெரியவர்களிடம் சொன்னால் ஒருத்தரும் சபாஷ் சொல்லவில்லை. அப்பா நான் சொல்லும்போதே எழுந்து வெளியே போனார். கோயிலிலும் கடையிலும் அவர் மச்சான் பேச்சு அதோடு நின்றுபோயிற்று.

மூன்றாம் நாள் கான்ட்ராக்டர் போன் செய்தார். வேறு ஆளைப் போட்டாகிவிட்டது. பர்மனன்ட் பட்டியலும் வந்துவிட்டதாம், அதில் மாமா இல்லை. வீட்டில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. குடியாத்தத்துக்குத் தான் பேசுவதாக அம்மா சொன்னாள், ஏதோ சின்ன அடி, சரியானதும் வேலைக்குப் போவான் என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்றாள். "வேணாங்க்கா. நானே சொல்லிடறேன். மறைச்சு என்ன ஆவப்போவுது" என்றார் மாமா.

கட்டுப் போட்ட கையோடு வேப்பமரத்தடி வரைக்கும் நடக்க அவருக்குத் தெம்பில்லை. கட்டிலில் உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டுத் தொடைமேல் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் பேசினார். நாங்கள் எல்லோரும் சுற்றி இருந்தோம். மாமா எதையும் விடவில்லை. வேலை போனதைச் சொன்னார். ரயிலில் தூங்கித் தூங்கி லோணாவளா போய் முழித்ததைச் சொன்னார். குழந்தையை முன்னால் நிறுத்திக்கொண்டு வண்டியில் தூங்கிவிட்டேன், கொன்னிருப்பேன் என்று சொல்லும்போது குரல் உடைந்தது. உங்கள் அப்பாவிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள், என்ன முடிவானாலும் சரி என்றார். அந்தப் பக்கம் ம், ம் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

என் மாமாவைப் பற்றி நான் பெருமைப்பட்டதெல்லாம் ஒரு பக்கம் கிடக்கட்டும். கை ஒடிந்து, வேலை போய், கல்யாணம் போகப்போகிற நேரத்தில் ஒரு வார்த்தைகூட மழுப்பாமல் பேசினாரே, அந்தப் பெருமை எனக்கு இன்றும் தீரவில்லை. அப்போது அது எனக்குத் தெரியவில்லை. எதற்கு இவர் நம் வீட்டு மானத்தைப் போனில் வாங்குகிறார் என்றுதான் இருந்தது.

அந்தப் பெண் கடைசியில், "அப்பாகிட்ட நான் பேசிக்கறேங்க. நீங்க அதை நெனச்சிகினு தூங்காம இருக்காதீங்க" என்றாள். பிறகு, "பாப்பா இருக்காளா? அவகிட்ட குடுங்க" என்றாள்.

அம்மா என்னை முன்னால் தள்ளிவிட்டு, அத்தைன்னு கூப்பிடு என்று உதட்டை அசைத்தாள். நான் போனை எடுத்து, ஸ்பீக்கரை அணைத்து, காதில் வைத்துக்கொண்டேன். இது எனக்கு வந்த போன். ரொம்ப வலிக்குதா கண்ணு என்று கேட்டாள். இல்லை அத்தை என்றேன். நீதான் வண்டி ஓட்டினியாமே என்றாள். அப்பாடா, இத்தனை பேரில் ஒருத்தியாவது விஷயத்துக்கு வந்தாளே! மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன், டேங்கரை மட்டும் இரண்டு பங்கு பெரிதாக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "மாமா தூங்கறார்னு தெரிஞ்சதும் ஏம்மா எழுப்பலை?" என்றாள்.

"ரொம்ப நாளா தூங்கவேயில்ல அத்தை. என் தலைமேலதான் நிம்மதியா தூங்கினாரு. அதான் ஆடாம நின்னேன்" என்றேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஹலோ ஹலோ என்று பார்த்தேன். மூக்கை உறிஞ்சுகிற மாதிரி ஏதோ கரகரத்தது, அவ்வளவுதான். "லைன் கட் ஆயிடுச்சும்மா" என்று போனை அம்மாவிடம் நீட்டினேன். அம்மா அதைக் காதில் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல், ரொம்ப நேரம் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். கட்டான போனை எதற்கு இவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.